பசி ஒழிப்புக் கொள்கைப் பணி: தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் முதல் கோரிக்கையை எடுத்துச் செல்வோருக்கு முழு வழிகாட்டி

கோயில் அன்னதானமும் வாரந்தோறும் சூப்பும் பண்டிகைக்கு மளிகைப் பொட்டலமுமாக ஆண்டுக்கணக்கில் நடத்திய பிறகும் வரிசை குறையவில்லை என்றால், யாராவது ஒருவர் "இதை அரசாங்கத்திடம் கொண்டு போக வேண்டும்" என்று சொல்வார். இந்த வழிகாட்டி அவருக்கும் அவரோடு கை சேர்ப்பவர்களுக்கும் உரியது.

சமைத்துப் போடுவதற்கும் கொள்கையை மாற்றுவதற்கும் தேவையான திறமைகள் வேறு. கொள்கைப் பணி என்பது ஒரு குறிப்பிட்ட ஆவணத்தில், ஒரு குறிப்பிட்ட வரியை, ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் மாற்ற வைப்பது. அந்த ஆவணம் எது, தேதி எது என்று தெரியாமல் ஆயிரம் கையெழுத்து வாங்கினாலும் அது யாருடைய மேசையிலும் தங்காது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கையெழுத்து வேட்டையில்தான் தொடங்குகிறார்கள். உழைப்பெல்லாம் முதல் மாதத்திலேயே அங்கே செலவாகிவிடுகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பேர் போதும். ஒருவர் அரசு ஆவணங்களைப் பொறுமையாகப் படிப்பவர். இன்னொருவர் எண்களில் தடுமாறாதவர். மூன்றாமவர் ஸூலு மொழியில் தயக்கமின்றிப் பேசுபவர். மூன்றாமவர் இல்லாமல் தொடங்காதீர்கள். பள்ளிச் சமையலறையிலும் கிளினிக்கிலும் அரசு உதவித்தொகை (கிராண்ட்) வரிசையிலும் நடப்பதை ஆங்கிலத்தில் மட்டும் கேட்டால் பாதிதான் காதில் விழும்.

அரசியல் சாசனத்தின் இரண்டு பிரிவுகளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு 27 போதிய உணவும் நீரும் பெறும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. ஆனால் அரசு தன்னிடம் உள்ள வளத்துக்குள் படிப்படியாக நிறைவேற்றினால் போதும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. பிரிவு 28 குழந்தைகளுக்கு அடிப்படை ஊட்டச்சத்து உரிமை தருகிறது. அங்கே அந்த நிபந்தனை இல்லை. உங்கள் கோரிக்கை குழந்தைகளைப் பற்றியது என்றால் 28-ஐ முன்னால் வையுங்கள். 27-ஐ மட்டும் காட்டினால் "நிதி இல்லை" என்ற பதிலுக்கு நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள்.

அமைப்பு பதிவு செய்யப்பட்டதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. வரிவிலக்குப் பெற்ற பொதுநல அமைப்பு தன் பணத்தையோ இடத்தையோ எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ பயன்படுத்தக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சொல்கிறது. கொள்கையை விமர்சிக்கலாம், அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம். தேர்தல் நேரத்தில் ஒரு கட்சியின் கொடி கட்டிய மேடையில் உங்கள் கோரிக்கையை வாசிக்க வேண்டாம்.

2. பசியை ஒரே ஒரு முடிவாகச் சுருக்குங்கள்

அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இது. "எங்கள் பகுதியில் பசி இருக்கிறது" என்பது உண்மை, ஆனால் அதை வைத்து எந்த அதிகாரியும் கையெழுத்திட முடியாது. "இந்தப் பள்ளியின் பிள்ளைகளை அடுத்த நிதியாண்டிலிருந்து உணவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்" என்றால் முடியும்.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் அடிக்கடி எழும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். தேசியப் பள்ளி ஊட்டச்சத்துத் திட்டம் அடிப்படையில் குவின்டைல் 1 முதல் 3 வரை உள்ள பள்ளிகளுக்கும் தேர்ந்தெடுத்த சிறப்புப் பள்ளிகளுக்கும் உரியது. குவின்டைல் என்பது பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் வருமானம், வேலையின்மை, கல்வி நிலை ஆகியவற்றை வைத்து 1 (மிக ஏழ்மை) முதல் 5 வரை போடும் தரவரிசை. அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் வீட்டு நிலை அதில் நேரடியாக எண்ணப்படுவதில்லை. அதனால் ஓடு போட்ட வசதியான வீடுகள் நிறைந்த தெருவில் இருக்கும் பள்ளி குவின்டைல் 4 ஆகிறது. அங்கே படிப்பவர்களில் பெரும்பகுதியினர் உம்லாசி, இனாண்டா போன்ற ஏழைக் குடியிருப்புகளிலிருந்து டாக்ஸியில் வருபவர்களாகவும், பக்கத்து கவுன்சில் ஃப்ளாட் பிள்ளைகளாகவும் இருப்பார்கள். பத்து மணி இடைவேளையில் அவர்களுக்குத் தட்டு இல்லை.

இதற்கு இரண்டு வேறு வேறு கோரிக்கைகள் உண்டு. ஒன்றோடொன்று கலந்தால் இரண்டும் நின்றுவிடும்.

முதலாவது, பள்ளியின் குவின்டைலையே மாற்றச் சொல்வது. இதில் வெற்றி கிடைத்தால் பள்ளி கட்டணமில்லாப் பள்ளியாக மாறலாம். ஒரு பிள்ளைக்கு அரசு தரும் தொகை கூடும், ஆனால் கட்டணம் வசூலிக்கும் உரிமை போய்விடும். கட்டணத்திலிருந்து கூடுதல் ஆசிரியருக்குச் சம்பளம் தரும் நிர்வாகக் குழு தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தைக் கேட்காமல் மனு போட்டால், மாவட்ட அலுவலகம் பள்ளியிடம் கருத்துக் கேட்கும்போது பள்ளியே எதிர்க்கும்.

இரண்டாவது, குவின்டைலைத் தொடாமல், தேவையுள்ள பிள்ளைகளுக்கு மாகாணத்தின் சொந்த நிதியிலிருந்து உணவு கேட்பது. பள்ளிக்கு இழப்பு எதுவும் இல்லை. ஆனால் இது மாகாணத்தின் விருப்பத்தைச் சார்ந்தது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். முதல்முறை வருபவர்கள் இரண்டாவதில் தொடங்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து. குறைந்த எதிர்ப்பில் தட்டு வருகிறது, அதை நடத்திக் காட்டிய அனுபவமே பிறகு முதலாவதற்குச் சான்றாகிறது.

வேறு பிரச்சினைகளையும் இப்படியே சுருக்க வேண்டும். பால்வாடி மையங்களில் தட்டு காலியாக இருந்தால் கேள்வி அன்றாட மானியத்தைப் பற்றியது. 2019 முதல் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 17 ராண்டாகவே நின்றிருந்த அது 2025 ஏப்ரலில் 24 ஆனது. அந்த உயர்வு உங்கள் பகுதி மையங்களுக்கு வந்து சேர்ந்ததா, பதிவு செய்யாத மையங்கள் ஏன் வெளியே நிற்கின்றன என்பவை நல்ல, சிறிய கேள்விகள். விலைதான் பிரச்சினை என்றால் எந்தப் பொருளின் விலை, எந்த வரி என்று சொல்லுங்கள். பருப்பு, காய்ந்த பீன்ஸ், அரிசி, மீலி மீல் (சோள மாவு), டின் பில்சர்ட் மீன், முட்டை, பால், பிரவுன் பிரெட் ஆகியவற்றுக்கு வாட் ஏற்கெனவே பூஜ்யம். "அத்தியாவசிய உணவுக்கு வாட் நீக்குங்கள்" என்று பொதுவாக எழுதினால் பட்டியலைப் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும். கோழிக்கு வாட் உண்டு. அதை நீக்கக் கேட்பவர்கள், 2018-இல் இங்கிரிட் வூலார்ட் தலைமையில் வாட் விலக்குகளை ஆராய்ந்த குழு எழுப்பிய கேள்விக்குப் பதிலோடு போக வேண்டும்: இந்தச் சலுகையில் ஏழை வீட்டுக்குப் போவது எவ்வளவு, வசதியுள்ள வீட்டுக்குப் போவது எவ்வளவு?

3. அந்த முடிவு யார் கையில் என்று கண்டுபிடியுங்கள்

பள்ளி உணவின் விதிகளும் பணமும் தேசிய அடிப்படைக் கல்வித் துறையிலிருந்து நிபந்தனை மானியமாக வருகின்றன. விநியோகஸ்தரை நியமிப்பதும் பணம் கொடுப்பதும் கண்காணிப்பதும் மாகாணக் கல்வித் துறையின் வேலை. கிராண்ட் தொகையை நிதி அமைச்சர் பட்ஜெட்டில் அறிவிக்கிறார், சமூகப் பாதுகாப்பு முகமையான சாஸா பட்டுவாடா செய்கிறது. வாட், சர்க்கரைப் பான வரி இரண்டும் கருவூலமும் நாடாளுமன்றமும் பார்ப்பவை. உணவுப் பொட்டல முத்திரை (லேபிள்) விதிகள் தேசியச் சுகாதாரத் துறையுடையவை. தோட்டத்துக்கு நிலம், தெருவோர வியாபார அனுமதி, சமையல் இடத்துக்கான சுகாதாரச் சான்றிதழ் ஆகியவை நகராட்சியிடம் உள்ளன.

இங்கே நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் வார்டு கவுன்சிலரிடம் போவது. அவர் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார், படமும் எடுத்துக்கொள்வார். பள்ளி உணவைப் பற்றி அவரால் எதுவும் செய்ய முடியாது. மூன்று மாதம் கழிந்த பிறகுதான் அது தெரியவரும்.

எங்கள் எடுத்துக்காட்டில் பாதை இது: பள்ளி முதல்வரும் நிர்வாகக் குழுவும், பிறகு அந்த வட்டாரப் பள்ளிகளைப் பார்க்கும் சர்க்யூட் மேலாளர், மாவட்ட இயக்குநர், மாகாணத் தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கல்வித் துறைத் தலைவர். கடிதம் துறைத் தலைவரின் பெயருக்கு எழுதப்பட வேண்டும், ஆனால் கீழிருந்து மேலே, ஒவ்வொரு மேசையிலும் முத்திரை வாங்கிக்கொண்டு போக வேண்டும். நேராக மேலே அனுப்பினால் அது "கருத்துக்காக" மாவட்டத்துக்கே திரும்பி வரும். தன்னைத் தாண்டிப் போனவர்களின் கடிதத்தை மாவட்டம் எந்த அவசரத்தோடும் பார்க்காது.

4. நாட்காட்டியைச் சுவரில் மாட்டுங்கள்

தேசிய, மாகாண நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. நகராட்சியின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. தேசிய பட்ஜெட் வழக்கமாகப் பிப்ரவரியில் வருகிறது, மாகாண பட்ஜெட் அதைத் தொடர்ந்து வருகிறது.

பிப்ரவரியில் கோரிக்கை எழுதத் தொடங்கினால் அந்த ஆண்டு முடிந்துவிட்டது என்றே கொள்ளுங்கள். துறைகள் அடுத்த ஆண்டுக்கான தொகையை முந்தைய ஆண்டின் நடுவிலேயே எழுதத் தொடங்கிவிடுகின்றன. எனவே மாகாணத்திடம் பணம் கேட்கும் கடிதம் ஜூன், ஜூலையில் அவர்கள் கையில் இருக்க வேண்டும். நாடாளுமன்றத் துறைக் குழுக்கள் தங்கள் பட்ஜெட் ஆய்வு, பரிந்துரை அறிக்கையை எழுதும் மாதம் அக்டோபர். உங்கள் இரண்டு பக்கம் அப்போது அவர்கள் கையில் இருந்தால் அவர்கள் வாயிலிருந்தே உங்கள் கேள்வி வரலாம்.

நகராட்சியில் வரைவு பட்ஜெட்டும் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டமும் மார்ச் முடிவுக்குள் சபையில் வைக்கப்படும். ஏப்ரல், மே மாதங்கள் பொதுமக்கள் கருத்துக்கு. ஈஸ்டர் விடுமுறையும் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவும் அதே காலத்தில் வருவதால் நம் அமைப்புகள் இந்த வாய்ப்பை ஆண்டுதோறும் தவறவிடுகின்றன. கருத்துரையை மார்ச்சுக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். எண்களை மட்டும் பிறகு சேர்க்கலாம்.

5. சான்று சேகரியுங்கள்: பொது எண் ஒன்று, சொந்த எண் பல

நாட்டு அளவிலான எண்ணை ஒரே வரியில் முடித்துவிடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2016 மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் 27 சதவீதம், 2021–2023 தேசிய உணவு, ஊட்டச்சத்துப் பாதுகாப்பு ஆய்வில் 28.8 சதவீதம். அதிகாரிக்கு இது தெரியும். அவருக்குத் தெரியாதது உங்கள் பள்ளியில் என்ன நடக்கிறது என்பதுதான்.

கிராண்டைப் பற்றிப் பேசினால் இரண்டு எண்களும் ஒரே ஆண்டுக்கு உரியவையாக இருக்கட்டும். 2024-இல் உணவு வறுமைக் கோடு ஒரு ஆளுக்கு மாதம் 796 ராண்ட், அதே ஆண்டு ஏப்ரல் முதல் குழந்தை ஆதரவு கிராண்ட் 530. குறைவு 266 ராண்ட், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கோடு நாளுக்கு 2,100 கிலோகலோரி என்ற ஆற்றல் கணக்கில் போடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை எட்டினாலும் வயிறு நிறைந்ததாகும், ஊட்டம் கிடைத்ததாகாது. கோடுகள் அவ்வப்போது மறுகணக்கிடப்படும். பழைய கோட்டையும் புதிய தொகையையும் சேர்த்து எழுதினால் முழு மனுவின் நம்பகமும் போய்விடும்.

குவின்டைல் 4 பள்ளிக்கான சான்று இப்படிச் சேர வேண்டும். மொத்த மாணவர் எண்ணிக்கை, கட்டண விலக்குப் பெற்றவர்கள், குழந்தை ஆதரவு கிராண்ட் பெறும் வீட்டுப் பிள்ளைகள், எந்தெந்தப் பகுதியிலிருந்து வருகிறார்கள் என்ற பகுதிவாரிக் கணக்கு. இவை நான்கும் பள்ளி அலுவலகத்தில் கிடைக்கக் கூடியவை. பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி பிள்ளைகளின் விவரங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. பெயரோடு பட்டியல் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டால் சட்டச் சிக்கல் வரும், பிள்ளைகளுக்கும் அவமானம்.

வீடுகளில் கேட்க வேண்டியிருந்தால் கேள்விகளை நீங்களே உருவாக்காதீர்கள். உலக உணவு வேளாண் அமைப்பின் உணவுப் பற்றாக்குறை அனுபவ அளவுகோலில் எட்டுக் கேள்விகள் உண்டு, எல்லாம் ஆம் அல்லது இல்லை வகை. "பசியா?" என்று நேராகக் கேட்டால் நம் வீடுகளில் யாரும் ஆம் என்று சொல்ல மாட்டார்கள். பாட்டிகள் முதலில் டீ போட்டுத் தருவார்கள். "பணம் இல்லாததால் ஒரு வேளை சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டி வந்ததா?" என்று குறிப்பாகக் கேட்டால்தான் பதில் வரும். எட்டையும் அதே வரிசையில் கேளுங்கள். லேசான கேள்வியிலிருந்து கடுமையானதற்குப் போகும்படி அவை அடுக்கப்பட்டுள்ளன.

பிள்ளைகளின் கைச்சுற்றளவை நீங்கள் அளக்க வேண்டாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. அந்த அளவைப் பார்த்தால் அப்போதே பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு போகும் ஏற்பாடு கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் நாடாவோடு போவது தவறு.

ஏற்கெனவே உணவு வழங்கும் பள்ளியைக் கண்காணிப்பதாக இருந்தால் ஒரு சிறிய கிச்சன் தராசும் நோட்டும் போதும். முதல்வரின் அனுமதிக் கடிதத்தோடு போங்கள். சமையல் செய்யும் அம்மாக்களை "மா" என்று அழைத்து, நீங்கள் அவர்களைச் சோதிக்க வரவில்லை என்று முதலிலேயே சொல்லுங்கள். குறை பெரும்பாலும் அவர்களுடையது அல்ல, பழி மட்டும் அவர்கள் மேல் விழுகிறது.

குறிக்க வேண்டியவை: அன்றைய மெனுவில் என்ன, தட்டில் என்ன, பரிமாறிய நேரம், சாப்பிட்டவர் எண்ணிக்கை, சமையல் கேஸ் இருந்ததா, கிடங்கில் இறங்கிய பொருளின் எடை. பத்து மணிக்குள் பரிமாற வேண்டும் என்பது திட்டத்தின் இலக்கு. வீட்டில் காலை உணவு இல்லாமல் வந்த பிள்ளைக்குப் பன்னிரண்டு மணிக்குத் தட்டு வந்தால் பாதிப் பாடவேளை போய்விட்டது.

எடைக் கணக்குதான் மிகவும் பேசும் சான்று. மெனு விவரத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ந்த பீன்ஸ் 30 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 பிள்ளைகளுக்கு 18 கிலோ வேண்டும். இறங்கியது 10 கிலோ என்றால் தட்டில் ஏன் தண்ணீரும் நாலு பீன்ஸும் இருந்தன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. டெலிவரி நோட்டில் 18 என்று எழுதி 10 இறக்கியிருந்தால் அது வேறு வகைக் குற்றம். இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஒரே நாள் பார்த்து எழுதாதீர்கள். மாத ஆரம்பம், மாத முடிவு, பருவத்தின் முதல் வாரம் ஆகிய மூன்றிலும் பாருங்கள். விநியோகம் தடுமாறும் வாரங்கள் அவைதான்.

விலைக் கணக்கெடுக்க விரும்புவோர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பொருளாதார நீதி, கண்ணியக் குழு மாதந்தோறும் வெளியிடும் 44 பொருள் கூடையைப் பாருங்கள். முறை அங்கேயே விளக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் அதே பொருள், அதே பொட்டல அளவைப் பீனிக்ஸிலோ டொங்காட்டிலோ எடுத்தால் ஒப்பிட முடியும். உங்கள் விருப்பப்படி வேறு கூடை செய்தால் ஒப்பிட எதுவும் இருக்காது.

6. தராத தகவலைச் சட்டப்படி கேளுங்கள்

விநியோக ஒப்பந்தம், மாவட்டவாரிச் செலவு, குவின்டைல் மாற்ற மனுக்களின் நிலை ஆகியவை கேட்டாலும் எளிதில் வராது. 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம் அதற்காகத்தான். எல்லோரும் பி.ஏ.ஐ.ஏ என்பார்கள்.

படிவம் 2-ஐ நிரப்பி, மாகாணத் துறை என்றால் துறைத் தலைவருக்கு, அவர்தான் தகவல் அதிகாரி, மின்னஞ்சலில் அனுப்புங்கள். அமைப்பின் பெயரில் கேட்டால் உங்களுக்கு அதிகாரம் தந்த தீர்மானத்தை இணையுங்கள். இது இல்லாமல் போனதாலேயே பல மனுக்கள் திரும்புகின்றன. கட்டணம் உண்டு, வருமானம் குறைந்தவர்களுக்கு விலக்கும் உண்டு.

கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். "ஏன் உணவு நின்றது?" என்பதற்கு இந்தச் சட்டம் பதில் தராது. "இந்த மாவட்டத்துக்கான விநியோக ஒப்பந்தத்தின் நகல், ஏப்ரல் முதல் ஜூன் வரை பள்ளிகள் அனுப்பிய மாதாந்தரக் கண்காணிப்புப் படிவங்கள்" என்றால் தர வேண்டும்.

பதிலுக்கு 30 நாள். நீட்டித்தால் காரணத்தோடு அறிவிக்க வேண்டும். மௌனமாக இருந்தால் அது மறுப்பாகவே கொள்ளப்படும். மறுத்தால் 60 நாளுக்குள் உள்முறையீடு, அதற்கும் பலன் இல்லை என்றால் தகவல் ஒழுங்குமுறை அமைப்பிடம் புகார். "ஆவணம் கிடைக்கவில்லை" என்று சொன்னால், தேடியதை விவரித்துப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்று 23-ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் கேளுங்கள். கேட்டவுடன் ஆவணம் கிடைத்துவிடுவது அடிக்கடி நடக்கும். அனுப்பிய தேதியை நாட்காட்டியில் குறிக்காமல் 60 நாளைத் தவறவிடுவதுதான் புதியவர்களின் வழக்கமான பிழை.

7. இரண்டு பக்கத்தில் எழுதுங்கள்

முதல் பத்தியில் கோரிக்கை. இரண்டாவதில் அது யாருடைய அதிகாரம், எந்தச் சட்டப்பிரிவு. மூன்றாவதில் உங்கள் எண்கள். நான்காவதில் செலவு. கடைசியில் எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பது. பசியின் கொடுமையை முதல் பக்கம் முழுதும் எழுதுபவர்கள் உண்டு. கோரிக்கை இரண்டாம் பக்கத்தில் வரும்போது படிப்பவர் அங்கே இருக்க மாட்டார்.

செலவுப் பத்தியைத் தவிர்க்காதீர்கள். ஒரு தட்டுக்கு 5 ராண்ட் என்று வைத்தால், 600 பிள்ளை, 200 பள்ளி நாள், ஆண்டுக்கு 6 லட்சம் ராண்ட். இதை நீங்கள் எழுதாவிட்டால் அதிகாரி தன் மனதில் பெரிய எண்ணைப் போட்டுக்கொள்வார். துறை தரும் ஒரு தட்டின் உண்மைச் செலவை ஆறாம் படியில் வாங்கிய ஆவணத்திலிருந்து எடுங்கள். சமையலறை, பாத்திரம், கேஸ், சமைப்பவரின் உதவித்தொகை ஆகியவற்றைத் தனி வரியில் காட்டுங்கள். உணவுச் செலவை மட்டும் காட்டி அனுமதி வாங்கி, அடுப்பு இல்லாமல் அரிசி மூட்டைகள் கிடந்த இடங்கள் உண்டு.

எதிர்வாதத்தை நீங்களே எழுதிப் பதில் தாருங்கள். சர்க்கரைப் பான வரி இதற்கு நல்ல பாடம். 2018 ஏப்ரல் 1 முதல் 100 மில்லிக்கு 4 கிராமுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் 2.1 சென்ட், 2019-இல் 2.21 சென்ட். 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள 330 மில்லி டின்னுக்கு ஏறக்குறைய 44 சென்ட் வரி. இதை உயர்த்தக் கேட்டு கரும்புப் பகுதிகளான டொங்காட்டிலோ குவாடுகூசாவிலோ கூட்டம் போட்டால் முதல் கேள்வி கரும்புத் தோட்ட வேலை பற்றித்தான் இருக்கும். அது நியாயமான கேள்வி, ஆலையை நம்பி வாழும் குடும்பங்கள் அந்த அறையிலேயே இருப்பார்கள். வரியில் வரும் பணத்தின் ஒரு பங்கு அந்தத் தொழிலாளர்களுக்கான மாற்றுத் திட்டத்துக்குப் போக வேண்டும் என்பதையும் கோரிக்கைக்குள்ளேயே வைத்தால்தான் அந்த அறையில் உங்களுக்கு ஆதரவு கிடைக்கும்.

8. கூட்டாளிகளைச் சேர்க்கும் வரிசை

முதலில் பள்ளி நிர்வாகக் குழு, பிறகு பெற்றோர், பிறகு கோயில், சர்ச், மசூதிக் குழுக்கள், கடைசியில் தேசிய அமைப்புகள். தேசிய அமைப்பிடம் முதலில் ஓடினால் உங்கள் பிரச்சினை அவர்களுடைய பெரிய வழக்கில் ஒரு வரியாகக் கரைந்துவிடும். உங்களிடம் எண்களும் கடிதமும் இருக்கும்போது போனால் மதிப்பு வேறு. பள்ளி உணவுக்கு ஈக்வல் எஜுகேஷன், செக்ஷன்27, கிராண்டுக்கு பிளாக் சாஷ், பான வரிக்கும் முத்திரை விதிகளுக்கும் ஹீலா என்று துறைவாரியாகப் போங்கள்.

"நம் சமூகப் பள்ளி" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். தட்டு இல்லாமல் நிற்கும் பிள்ளைகளில் ஸூலு வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களின் பெற்றோர் மேடையில் இல்லாத கோரிக்கை நியாயமாகவும் இல்லை, வெல்லவும் செய்யாது. கூட்டத்தைப் பள்ளி வளாகத்தில், சனிக்கிழமை காலை, டாக்ஸிச் செலவு கொடுத்து நடத்துங்கள். ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் கோயில் வாசலில் துண்டறிக்கை தரலாம், ஆனால் கூட்டத்துக்கு அது பொது இடம் அல்ல.

உணவு, பான நிறுவனங்களின் நன்கொடை வந்தால் ஏற்பதற்கு முன் எழுத்தில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை விதிகளைப் பற்றிக் கருத்துரை தரும் அமைப்பு குளிர்பான நிறுவனத்தின் குடையின் கீழ் உட்கார முடியாது.

9. சந்திப்பு

இருபது நிமிடம்தான் கிடைக்கும் என்று எண்ணித் தயாராகுங்கள். பேசுபவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர், பெற்றோர் ஒருவர். "பரிசீலிக்கிறோம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு எழுந்து வராதீர்கள். யார் பரிசீலிப்பார், எந்தத் தேதிக்குள், எந்தத் தகவல் குறைகிறது என்ற மூன்றையும் கேளுங்கள். இரண்டு நாளுக்குள், பேசியதைச் சுருக்கி மின்னஞ்சல் அனுப்புங்கள். பின்னால் அதிகாரி மாறினாலும் அந்த மின்னஞ்சல் கோப்பில் இருக்கும்.

சட்டமன்றக் குழுக்களுக்கும் போகலாம். மாகாணச் சட்டமன்றம் பொதுமக்களின் பங்கேற்புக்கு வழி செய்ய வேண்டும் என்று சாசனத்தின் 118-ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்துக் கருத்துரையின் முதல் வரியிலேயே "நேரில் பேசவும் விரும்புகிறோம்" என்று எழுதுங்கள். கேட்காதவர்களை அழைக்க மாட்டார்கள்.

10. ஊடகமும் நீதிமன்றமும்

லோட்டஸ் எஃப்எம் வானொலி, போஸ்ட் பத்திரிகை போன்றவை நம் பகுதிச் செய்தியை எடுத்துக்கொள்ளும். கடிதத்துக்குக் கொடுத்த கெடு முடிந்த பிறகு போங்கள். முன்பே போனால் துறை பேச்சை நிறுத்திவிடும். பிள்ளைகளின் முகம் தெரியும் படம் கொடுக்காதீர்கள், காலித் தட்டின் படம் போதும்.

வழக்கு கடைசி வழி. ஆனால் அது வேலை செய்யும் என்பதற்கு 2020 ஜூலை 17 தீர்ப்பு சான்று. ஊரடங்கில் நிறுத்தப்பட்ட பள்ளி உணவை, பிள்ளை அன்று பள்ளிக்கு வந்தாலும் வராவிட்டாலும், தகுதியுள்ள எல்லோருக்கும் தர வேண்டும் என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஈக்வல் எஜுகேஷனோடு சேர்ந்து லிம்போபோவின் இரண்டு பள்ளி நிர்வாகக் குழுக்கள் வழக்குத் தொடுத்தன. உங்கள் பள்ளியின் நோட்டும் அனுப்பிய கடிதங்களும் பதிலில்லாத தேதிகளும் ஒழுங்காக இருந்தால் வழக்கறிஞரின் பாதி வேலை முடிந்தது. எழுத்துப் பதிவு இல்லாமல் எந்தச் சட்ட அமைப்பும் எடுத்துக்கொள்ளாது.

11. அனுமதி வந்த பிறகு

அனுமதிக் கடிதம் கிடைத்த நாளில் குழுவைக் கலைக்காதீர்கள். 2023 ஏப்ரலில் குவாசூலு-நட்டாலில் பள்ளி உணவு விநியோக ஏற்பாடு மாற்றப்பட்டபோது, ஏற்கெனவே திட்டத்தில் இருந்த பல பள்ளிகளிலேயே பிள்ளைகளுக்கு உணவு வரவில்லை. விதியும் பணமும் இருந்தன, லாரி வரவில்லை.

எனவே முதல் பருவம் முழுதும் ஐந்தாம் படியில் சொன்ன நோட்டைத் தொடருங்கள். வாரத்தில் ஒரு நாள் போதும். உணவு வராத நாளன்று காலையே முதல்வர் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், நகல் உங்களுக்கு. தொலைபேசியில் சொன்னது பதிவாகாது. மாதக் கடைசியில் வந்த நாள், வராத நாள், நேரம் தவறிய நாள் மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி மாவட்ட இயக்குநருக்கு அனுப்புங்கள். ஜூன் வரும்போது அந்தப் பக்கங்களை இணைத்து அடுத்த ஆண்டுக்கான கடிதத்தை எழுதத் தொடங்குங்கள்.